மெஷினுக்குள் தங்கும் நெல்

(காவிரிப் படுகையின் விதை நெல் சாகுபடியாளர்களும் அறுவடை இயந்திர உரிமையாளர்களும் ஓட்டுநர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பின்னால் சுவரோரமாக நிற்கும் டிரைவர் தம்பிகளே, முன்வரிசையில் நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது, வந்து உட்காருங்கள். இன்றைய பேச்சு உங்கள் வேலையைப் பற்றியது. நீங்கள் நின்றுகொண்டே கேட்பது நன்றாக இருக்காது.

எடுத்த எடுப்பில் ஒரு கணக்குப் போட்டுவிடுவோம். நெல்மணியின் எடை ரகத்துக்கு ரகம் மாறும். ஏ.டி.டி. 43 மாதிரி சன்ன ரகத்தில் ஆயிரம் மணியை எண்ணி நிறுத்தால் 15, 16 கிராம் வரும். சி.ஆர். 1009 மாதிரி குண்டு ரகமென்றால் 23, 24 கிராம். பேச்சுக்கு நடுவாக 20 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஒரு கிலோ நெல்லில் 50,000 மணி. சான்று விதையில், அதாவது நீல அட்டை கட்டி விற்கிற விதையில், கண்ணால் பார்த்துப் பிரிக்கக்கூடிய வேறு ரக மணி கிலோவுக்கு 20 வரை இருக்கலாம் என்கிறது விதைச்சான்றுத் தரம். வெள்ளை அட்டை கட்டுகிற ஆதார விதைக்கு அதிலும் பாதி, 10 மணிதான். உங்கள் வயலில் ஏக்கருக்கு 2,500 கிலோ விளைந்திருக்கிறது என்று வையுங்கள். கிலோவுக்கு 20 மணி என்றால் மொத்தம் 50,000 மணி. அது எவ்வளவு நெல்? ஒரே ஒரு கிலோ. ஆதார விதையானால் அரைக் கிலோ.

ஓர் ஏக்கர் விளைச்சல் முழுவதற்கும் ஒரு கிலோ. அந்த ஒரு கிலோவிலும் மெஷினுக்கு மட்டும் முழுப் பங்கு கிடையாது. நாற்றங்காலில் கலந்தது, கலவன் எடுக்கும்போது கண்ணுக்குத் தப்பியது, போன பட்டத்தில் உதிர்ந்து இந்தப் பட்டத்தில் தானாக முளைத்தது, பழைய சாக்கின் தையலில் ஒட்டிக்கொண்டு வந்தது, எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். அதே நெல்லை நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், சன்ன ரகத்தில் தாழ்ந்த வகுப்பு நெல் 6 சதவீதம் வரை கலந்திருக்கலாம். 2,500 கிலோவில் 6 சதவீதம் 150 கிலோ. ஆக, காலையில் 150 கிலோ மன்னிக்கப்படுகிற வயலில் ஓடிவிட்டு, மதியத்துக்கு மேல் ஒரு கிலோதான் மன்னிக்கப்படும் என்கிற வயலில் வந்து இறங்குகிறது ஒரே மெஷின். இரண்டு வயலுக்கும் ஒரே வாடகை, ஒரே டிரைவர், ஒரே அவசரம். நம்முடைய சிக்கல் அத்தனையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. டிரைவருக்குப் பொறுப்பில்லை என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. 150 கிலோ வயல்களிலேயே பழகின கைக்கு ஒரு கிலோ வயலும் இருக்கிறது என்று யார் சொன்னார்கள்?

போன சம்பாவில் ஒரு விதைப் பண்ணை வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். பெல்ட் மெஷின் லாரியிலிருந்து இறங்கி வருகிறது. பண்ணைக்காரர் வயதில் பெரியவர். “ஏம்ப்பா, கடைசியா என்ன அறுத்துட்டு வர்றே?” என்று கேட்டார். டிரைவர் கொஞ்சமும் யோசிக்காமல், “நெல்லுதாங்கய்யா” என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சேலம், பெரம்பலூர், கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து புறப்பட்டு, புரோக்கர் போனில் சொல்கிற ஊருக்கெல்லாம் இரவும் பகலுமாக வண்டியை நகர்த்திக்கொண்டு போகிற பையன் அவர். எந்த வயலில் எந்த ரகம் என்று அவரிடம் சொன்னவரும் இல்லை, எழுதி வைக்க ஒரு நோட்டுக் கொடுத்தவரும் இல்லை.

கை அறுப்புக் காலத்தில் இந்தத் தொல்லை எப்படி அடங்கியிருந்தது என்று இங்கே உள்ள மூத்தவர்களுக்குத் தெரியும். களத்தைக் கூட்டிச் சாணி தெளித்து மெழுகிய பிறகுதான் கட்டு வந்து இறங்கும். விதைக்கென்று வயலில் நல்ல பாகமாகப் பார்த்து முன்பே ஒதுக்கியிருப்பார்கள். கட்டை ஓங்கி அடிக்கிற தலையடியில் நன்றாக முற்றின மணி முதலில் விழும்; அதை எடுத்துக் காயவைத்து, வைக்கோல் பிரி சுற்றிக் கோட்டை கட்டுவார்கள். ஒரு ரகம் முடிந்து அடுத்த ரகம் வருவதற்குள் களம் மறுபடி கூட்டப்படும். இதை யாரும் கலப்புத் தடுப்பு என்று சொல்லிச் செய்ததில்லை. வேலையின் வரிசையிலேயே சுத்தமும் சேர்ந்திருந்தது. இன்றைக்கு அரிவாள், களம், முறம் மூன்றையும் ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்து, அதற்குப் பெல்ட்டும் மாட்டி ஊர் ஊராக அனுப்புகிறோம். அது நடமாடுகிற களம். ஆனால் கூட்டாத களம், மெழுகாத களம். முந்தின ஊரின் நெல் மூலையில் கிடக்க, அடுத்த ஊரின் கட்டு அதன் மேலேயே வந்து விழுகிறது.

சரி, அந்தப் பெட்டிக்குள் நெல் எங்கெங்கே தங்குகிறது? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வெளியே பார்க்கச் சுத்தமாக இருக்கிற மெஷின்தான் அதிகம் ஏமாற்றும்.

முன்பக்கம் கதிரைச் சாய்த்து இழுக்கிற ரீல், அதன் கீழே கத்தி, அதற்குப் பின்னால் கதிரை நடுவுக்குத் தள்ளுகிற திருகு ஆகர். இந்த ஆகருக்கும் அடித்தகட்டுக்கும் நடுவில் இரண்டு ஓரத்திலும் மண்ணோடு கலந்து மணி தேங்கும். அங்கிருந்து கதிர் மேலே ஏறுவது பீடர் வழியாக. சங்கிலியும் குறுக்குச் சட்டமுமாக ஒரு சரிவுப் பாதை அது. பயிர் ஓடிக்கொண்டிருக்கும் வரை எல்லாவற்றையும் மேலே இழுக்கும். நிறுத்தினதும் சட்டத்துக்கு அடியில் இருந்ததெல்லாம் சரிந்து கீழே இறங்கிப் படுத்துக்கொள்ளும். டயர் மெஷின் சிலவற்றில் பீடருக்கும் டிரம்முக்கும் நடுவே கல் விழுவதற்கென்றே ஒரு பள்ளம் இருக்கும். கல் விழுகிறதோ இல்லையோ, நெல் விழும். அந்தப் பள்ளத்துக்கு மூடி உண்டு என்பதே பல ஓனர்களுக்குத் தெரியாது.

பிறகு டிரம். கதிர் அடிபடுகிற இடம். டிரம்மைச் சுற்றி அரைவட்டமாக இருக்கிற சல்லடைக் கம்பிகளில் ஈர வைக்கோல் சிக்கி நிற்கும், அதற்குள் மணி செருகியிருக்கும். பனி ஈரத்தோடு காலையில் அறுத்தால் இது இன்னும் அதிகம். டிரம்முக்குக் கீழே ஆட்டுகிற தட்டு, அதற்குக் கீழே சல்லடைகள், ஊதுகிற விசிறி. சல்லடை மேலே தெரிகிற நெல்லைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. சல்லடைக்குக் கீழே இரண்டு தொட்டி இருக்கிறது. ஒன்றில் சுத்தமான மணி சேரும். மற்றதில் சரியாக அடிபடாத கதிர்த்துண்டு சேர்ந்து மறுபடி டிரம்முக்குப் போகும். இரண்டிலும் திருகு ஆகர் சுழல்கிறது. ஆகரின் இலைக்கும் தொட்டியின் அடிக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி உண்டு. அந்த இடைவெளி அளவு நெல், மெஷின் எத்தனை மணி நேரம் வெறுமனே ஓடினாலும் நகராது.

எல்லாவற்றையும் விட மோசமான இடம் எலிவேட்டரின் அடி. சங்கிலியில் கோத்த தகடுகள் மணியை அள்ளி மேலே டேங்குக்குக் கொண்டுபோகின்றன. அள்ளத் தவறியது அடியில் தங்கும். அங்கே ஒரு சின்ன மூடி, ஒரு திருகு, சில சமயம் ஒரு பட்டர்ஃபிளை நட்டு. திறந்தால் ஒரு மரக்கால் போலக் கொட்டும். ஏழெட்டுப் பட்டம் திறக்காமலே கிடந்து துருவேறிப்போன மூடிகளையும் பார்த்திருக்கிறேன். உள்ளே நெல் முளைத்து, அது காய்ந்து, அதன் மேல் புது நெல். கடைசியாக டேங்க். நான்கு மூலைகள், அடியில் இருக்கிற ஆகர், பிறகு வெளியே கொட்டுகிற நீளக் குழாய், அது திரும்புகிற முழங்கை. டேங்க் காலியாகிவிட்டது என்று டிரைவர் சொல்வது உண்மைதான்; குழாய் காலியாகவில்லை.

மொத்தம் எவ்வளவு தங்கும்? அமெரிக்காவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் பெரிய மக்காச்சோள, சோயா அறுவடை இயந்திரங்களை அக்குவேறு ஆணிவேறாகத் திறந்து, உள்ளே தங்கினதை எல்லாம் நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். 84 முதல் 186 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 38 முதல் 84 கிலோ. அதில் பாதிக்கும் மேல் முழுத் தானியம். அதிகமாக இருந்தது டேங்கிலும் கல் பள்ளத்திலும். நம்முடைய பெல்ட் மெஷின் அவற்றின் பக்கத்தில் நின்றால் குழந்தை. பத்தில் ஒரு பங்கு, நாலைந்து கிலோ என்றே வைத்துக்கொள்ளுங்களேன். நமக்கு அனுமதி ஒரு கிலோ.

இந்த இடத்தில் ஒருவர் எழுந்து, சுத்திகரிப்பு நிலையத்தில் சலித்துவிட்டால் போகாதா என்று கேட்பார். சன்ன ரகத்துக்குள் குண்டு ரகம் விழுந்திருந்தால் சல்லடை ஓரளவு பிரிக்கும். ஒரே அளவு, ஒரே எடை, ஒரே நிறத்தில் இருக்கிற இரண்டு சன்ன ரகம் கலந்துவிட்டால் எந்தச் சல்லடையும் ஒன்றும் செய்யாது. சோதனைக்கூடத்து மேசையில்கூட அது தப்பிவிடலாம். விதையை வாங்கி நட்ட விவசாயியின் வயலில், பத்து நாள் முந்திப் பூத்தோ, ஒரு சாண் உயர்ந்து நின்றோ, ஊரே பார்க்கத் தன்னைக் காட்டிக்கொள்ளும். வெள்ளைப் பொன்னி என்று நம்பி வாங்கிப் போனவர் அன்றைக்கு உங்களைத் தேடி வருவார்.

சுத்தம் செய்வது எப்படி என்பதற்கு வருகிறேன். முதல் விதி, இன்ஜினை நிறுத்திச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது. டிரம்மைத் திருப்ப வேண்டுமா, கையால் திருப்புங்கள். உள்ளே ஒருவர் கைவிட்டிருக்க வெளியே இன்னொருவர் ஸ்டார்ட் செய்து விரல் போன கதை, கை போன கதை எந்த ஊரில் இல்லை? கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்குத் துணி. நெல் சுணையும் உமியும் கண்ணில் பட்டுக் கருவிழிப் புண்ணாகி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் நம் பக்கத்தில் குறைவில்லை. அந்தப் புண்ணில் பூஞ்சை பிடித்தால் பார்வையே போகும்.

சாவியை எடுப்பதற்கு முன்பே ஒரு வேலை உண்டு. வயலை விட்டு ஏறினதும் விசிறியை முழு வேகத்தில் வைத்து, சல்லடைகளை அகலத் திறந்து, மெஷினைச் சில நிமிடம் வெறுமனே ஓட்டுங்கள். மேடுபள்ளத்தில் கொஞ்சம் நகர்த்திக் குலுக்கினால் இன்னும் நல்லது. தானாக விழ வேண்டியது விழட்டும். பிறகு நிறுத்தி, கீழே இருக்கிற மூடிகளை எல்லாம் திறந்து போடுங்கள். அதன் பிறகு மேலிருந்து கீழே, டேங்கில் ஆரம்பித்து எலிவேட்டர் அடியில் முடிய வேண்டும். கீழே சுத்தம் செய்துவிட்டு மேலே போனால், மேலே இருப்பது மறுபடி கீழே வந்து விழும்; செய்த வேலை வீண். காற்று அடிக்கிற புளோயர் ஒன்று போதும், கம்ப்ரஸர் இருந்தால் ராஜபோகம். தண்ணீர் உள்ளே வேண்டவே வேண்டாம். தூசி சேறாகி ஒட்டும், மணி முளைக்கும், தகடு துருப்பிடிக்கும். தண்ணீர் பெல்ட்டுக்கும் உருளைகளுக்கும் மட்டும். அங்கே அப்பியிருக்கிற சேற்றில் களை விதை ஊர்விட்டு ஊர் சவாரி செய்கிறது. இரண்டு பேர் இருந்தால் பெல்ட் மெஷினுக்கு ஒன்றரை மணி நேரம் என்பது என் மதிப்பு. அயோவாவில் பெரிய மெஷின்களுக்கு 2 முதல் 7 மணி நேரம் பிடித்திருக்கிறது.

இதில் டிரைவருக்கும் ஓனருக்கும் சொந்த லாபமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. சைலன்ஸர் பக்கம் படிந்த காய்ந்த தூசும் வைக்கோலும்தான் மெஷின் தீப்பிடிப்பதற்கு முதல் காரணம். பட்டம் முடிந்து ஷெட்டில் நிறுத்தும்போது உள்ளே நெல் இருந்தால் எலி குடியேறும்; எலி நெல்லோடு நிறுத்திக்கொள்ளாது, ஒயரையும் கடிக்கும். அடுத்த குறுவைக்கு ஸ்டார்ட் ஆகாத மெஷினின் ரிப்பேர் பில்லைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

எவ்வளவு துடைத்தாலும் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். ஆகையால் துடைப்பதைவிடப் பெரிய உபாயம் ஒன்று இருக்கிறது. அதற்குச் செலவும் இல்லை. வயலின் வரிசை. உங்களிடம் 5 ஏக்கர் இருக்கிறது, அதில் 2 ஏக்கர் விதைக்கென்று பதிவு செய்திருக்கிறீர்கள், மீதி 3 ஏக்கரும் அதே ரகம் என்றால், முதலில் அந்த 3 ஏக்கரை அறுங்கள். மெஷினுக்குள் இருக்கிற அந்நிய நெல்லை உங்கள் சொந்த நெல்லே தள்ளிக்கொண்டு வெளியே வரும். அது கொள்முதல் நிலையத்துக்குப் போகிற நெல், 6 சதவீத வயல், யாருக்கும் நட்டமில்லை. விதை வயல் கடைசியில். உங்களிடம் அப்படி வசதி இல்லையென்றால் பக்கத்து வயல்காரரிடம் அதே ரகம் இருக்கிறதா என்று பாருங்கள். அவர் வயலை முடித்துவிட்டு உங்கள் வயலுக்கு மெஷின் வரட்டும். அதுவும் இல்லையா, விதை வயலிலேயே நான்கு பக்கமும் வரப்போரமாக ஒரு சுற்று அறுத்து, அந்த நெல்லைத் தனி டிரெய்லரில் கொட்டிச் சாப்பாட்டுக்கு ஒதுக்குங்கள். வரப்போரப் பயிரில்தான் அடுத்த வயலின் கலப்பும் அதிகம் என்பதால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

முதல் டேங்கில்தான் கலப்பின் பெரும்பகுதி வெளியேறும். ஆனால் முழுவதும் அல்ல. மூலையில் கிடந்த பிடி நெல், மெஷின் ஒரு பக்கம் சாயும்போது பத்தாவது மூட்டையில் வந்து விழும். அதனால் வரிசையை நம்பி மூடியைத் திறக்காமல் விடவும் முடியாது, மூடியை நம்பி வரிசையை மறக்கவும் முடியாது.

இந்தக் கவலை நமக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். 2002இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் நடந்தது இது. புரோடிஜீன் என்ற நிறுவனம், பன்றிகளுக்கான தடுப்பு மருந்துப் புரதத்தை உண்டாக்குவதற்காக மரபணு மாற்றிய மக்காச்சோளத்தை முந்தின வருடம் ஒரு வயலில் சோதனைக்குப் போட்டிருந்தது. மறு வருடம் அதே வயலில் சோயா. உதிர்ந்த மக்காச்சோளம் தானாக முளைத்து நின்றது. பிடுங்கச் சொல்லியும் எல்லாம் பிடுங்கப்படவில்லை. அறுவடை இயந்திரம் சோயாவோடு சேர்த்து அதன் தட்டையையும் இலையையும் அறுத்து டேங்கில் போட்டது. அது ஊர்ப் பொதுக் கிடங்குக்குப் போய், அங்கே குவிந்திருந்த மற்றவர்களின் சோயாவோடு கலந்தது. சுமார் 5 லட்சம் புஷல், நம் அளவில் 13,000 டன்னுக்கும் மேலான சோயா தடுத்து வைக்கப்பட்டு அழிந்தது. நிறுவனத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதம், சுத்தப்படுத்துகிற செலவு தனி. கிடங்கில் சோயாவைக் கொட்டியிருந்த மற்ற விவசாயிகள் நிலையில் நம்மை வைத்துப் பாருங்கள், சோயாவுக்குப் பதில் நெல் என்பதுதான் வித்தியாசம்.

கனடாவில் ஓட்ஸ் பயிரிடுபவர்களில் ஒரு சாரார் கோதுமைப் புரதமான குளூட்டன் ஒத்துக்கொள்ளாத நோயாளிகளுக்கென்றே விளைவிக்கிறார்கள். பத்து லட்சத்தில் 20 பங்குக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது. அதனால் கோதுமை அறுத்த இயந்திரம் அந்த ஓட்ஸ் வயலுக்குள் சும்மா நுழைய முடியாது. அங்கே சுத்தத்துக்குத் தனி விலை கிடைக்கிறது, அதனால் நடக்கிறது. நோய்க்கும் இதே கதைதான். நம் ஹரியானா மாநிலத்துக் கர்னாலில் 1931இல் முதன்முதலாகப் பதிவான ஒரு வகைக் கோதுமைக் கரிப்பூட்டை நோய், 1996இல் அமெரிக்காவின் அரிசோனாவில் தலைகாட்டியது. நோய் கண்ட வயலில் ஓடிய அறுவடை இயந்திரம், கழுவிக் கிருமி நீக்காமல் அந்தப் பகுதியை விட்டு வெளியேறக் கூடாது என்று அந்த நாட்டு வேளாண் துறை விதி போட்டது. நம்மிடம் மெஷினைத் திறந்து பார்த்தால் நெல்லில் வருகிற லட்சுமி நோயின் பச்சைப் பொடி அப்படியே படிந்திருக்கிறது, கேட்பார் இல்லை.

நம் ஊருக்குத் திரும்புவோம். ரகக் கலப்பைவிட நான் அதிகம் பயப்படுவது களை நெல்லுக்கு. பார்வைக்கு நெல் மாதிரியே இருக்கும், பெரும்பாலும் மீசை இருக்கும், அரிசி சிவப்பாக இருக்கும், முற்றுவதற்கு முன்பே உதிரும், உதிர்ந்தது மண்ணில் வருடக்கணக்கில் தூங்கும். நடவு வயலில் சேறடித்துத் தண்ணீர் கட்டுவதால் ஓரளவு அடங்கிக் கிடக்கும். கடைமடையில் திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் நேரடி விதைப்பு அதிகம். அங்கே அதற்குக் கொண்டாட்டம். எந்தக் களைக்கொல்லியும் நெல்லையும் களை நெல்லையும் எளிதில் பிரித்துப் பார்க்காது, இரண்டும் ஒரே சாதி. அதனால்தான் சான்று விதையில் அது கிலோவுக்கு 5 மணிக்கு மேல் கூடாது, ஆதார விதையில் 2 மணிக்கு மேல் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். உதிர்ந்து போனது போக மிச்சம் உள்ள மணிதான் மெஷினுக்குள் வரும். வந்தது போதும்; அடுத்த ஊரில் ஒரு குடும்பத்தை ஆரம்பிக்க ஒரு பிடி தேவையில்லை. களை நெல் இருக்கிற வயலை, விதை வயலுக்கும் பிறகு, கடைசியில் அறுங்கள், அறுத்ததும் மெஷினை அந்த வரப்பிலேயே திறந்து சுத்தம் செய்யுங்கள், இந்த ஒரு விஷயத்தில் ஏழை பணக்காரர், விதை வயல் சாப்பாட்டு வயல் என்ற பேதமே வேண்டாம்.

பாரம்பரிய நெல் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவை மறக்க முடியாது. அங்கே 2 கிலோ பாரம்பரிய விதை வாங்கிப் போகிறவர் அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2018இல் அவர் காலமான பிறகும் அந்த விதைகள் கைமாறிக்கொண்டேதான் இருக்கின்றன. இந்த முறையில் அட்டை கிடையாது, சோதனைக்கூடம் கிடையாது. கொடுப்பவரின் கை சுத்தம்தான் சான்று. மாப்பிள்ளைச் சம்பாவையும் தூயமல்லியையும் ஒரே நாளில் ஒரே மெஷினில் அறுத்துவிட்டு, அதில் 4 கிலோவை விதை என்று கொடுத்தால், வாங்கினவர் கலப்பைத்தான் பெருக்குவார். சிவப்பரிசியும் வெள்ளை அரிசியும் கலந்தால் ஆலையில் தெரிந்துவிடும். இரண்டு வெள்ளை கலந்தால் அதுவும் தெரியாது. என் யோசனை, விதைக்கென்று ஒரு மா வயலை மட்டும் கையால் அறுத்துக்கொள்ளுங்கள். மீதியை மெஷினுக்கு விடுங்கள். ஆள் கிடைப்பதில்லை என்பீர்கள். ஒரு மாவுக்குக் குடும்பத்தாரே போதும்.

இனி பணம். எல்லோரும் எல்லா வயலுக்கும் மெஷினைத் திறந்து துடைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தை மாதக் கடைசியில், வானம் கருத்து நிற்கும்போது, பழுத்த சம்பாவை வைத்துக்கொண்டு மெஷினுக்குக் காத்திருக்கிற ஒருவரிடம் போய், இரண்டு மணி நேரம் பொறுங்கள், எலிவேட்டர் மூடியைத் திறக்கிறோம் என்று சொன்னால் அடிக்க வருவார். அவர் அடிப்பதும் நியாயம். அவர் நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்குமா என்பதுதான் அவருக்குத் தலைவலி, கலப்பு இல்லை. சுத்தம் வேண்டியது விதை வயலுக்கு, பாரம்பரிய நெல்லுக்கு, களை நெல் வயலைத் தாண்டிப் போகும்போது. மக்காச்சோளமோ வேறு பயிரோ அறுத்துவிட்டு வருகிற டயர் மெஷினுக்குச் சொல்லவே வேண்டாம்.

அப்படி வேண்டுகிற இடத்தில் யார் பணம் கொடுப்பது? மெஷின் வாடகை மணிக் கணக்கு. வாடகை சேர்வது அறுக்கும்போதுதான். சுத்தம் செய்கிற ஒன்றரை மணி நேரத்தில் ஓனருக்கு வருமானம் இல்லை, டிரைவருக்குப் பேட்டா இல்லை, அடுத்த பார்ட்டி போனில் கத்திக்கொண்டிருக்கிறார். இந்த நிலையில் சுத்தமாக அறுத்துக் கொடு தம்பி என்று தோளைத் தட்டினால், தம்பி சரிங்கண்ணே என்பார், துடைப்பத்தை எடுத்து வெளிப்பக்கம் தட்டுவார். வேறென்ன செய்வார்? அவர் நேரத்துக்கு விலை வைக்காதவர்கள் நாம்.

வாடகைச் சீட்டில் சுத்தம் என்று ஒரு வரி எழுதுங்கள். அறுப்பு நேரத்துக்கு என்ன மணி வாடகையோ அதில் பாதியாவது அந்த நேரத்துக்கும் போடுங்கள். டிரைவர் பேட்டா முழுசாகப் போகட்டும். ஏக்கருக்கு என்ன கூடுதல் வரும் என்று நான் பலரிடம் கணக்குப் பார்த்திருக்கிறேன். விதை நெல்லுக்கும் சாப்பாட்டு நெல்லுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் அது மிகச் சிறிய பங்கு. ஒரு விதைக் குவியல் தேறாமல் போனால் அந்த வித்தியாசம் மொத்தமும் போகிறது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் வாடகை மையங்களும் முதலில் இதை ஆரம்பித்தால் தனியார் ஓனர்கள் பின்னால் வருவார்கள். ஒரே மெஷினை ஒரு கிராமத்தின் விதை வயல்களுக்கெல்லாம் சேர்த்து வரிசையாகப் பேசிக்கொண்டால், ஒரு தடவை சுத்தம் செய்த செலவை ஏழெட்டுப் பேர் பங்கிட்டுக்கொள்ளலாம். அதற்கு அவர்கள் அத்தனை பேரும் ஒரே ரகம் போட வேண்டும், ஒரே வாரத்தில் நட வேண்டும். விதைக் கிராமத் திட்டத்தில் பேசப்படுவதும் கிட்டத்தட்ட அதுதான். அறுப்பு வரைக்கும் அந்த ஒற்றுமை போனால் சரி.

டிரைவர்களுக்கு ஒரு நோட்டு. அறுத்த தேதி, ஊர், ரகம், களை நெல் இருந்ததா, கடைசியாக மூடி திறந்தது எப்போது. ரகம் தெரியாவிட்டால் வயல்காரரைக் கேட்டு எழுதுங்கள், அவருக்கே தெரியாவிட்டால் அப்படியே எழுதுங்கள். விதைப் பண்ணைக்காரர் அந்த நோட்டைப் பார்க்காமல் மெஷினை வரப்பில் இறக்கக் கூடாது. ஓனர்களே, நல்ல நோட்டு வைத்திருக்கிற மெஷினுக்கு விதைப் பண்ணைக்காரர்கள் தேடி வருவார்கள், வாடகையிலும் தயங்க மாட்டார்கள்.

இன்னும் ஒன்று, இதைப் பலரும் கோட்டை விடுகிறார்கள். உள்ளிருந்து எடுத்த நெல்லை எங்கே போடுவது? விதை வயலின் தலைமாட்டிலேயே மெஷினைத் திறந்து ஊதினால் இத்தனை பாடும் வீண். அடுத்த பட்டத்தில் அது அங்கேயே முளைக்கும், உளுந்து தெளித்திருந்தால் உளுந்துக்குள் முளைக்கும். வயலுக்கு வெளியே, கெட்டியான தரையில் தார்ப்பாய் விரித்து அதன் மேல் மெஷினை ஏற்றி நிறுத்திச் செய்யுங்கள். விழுந்ததை அள்ளி மாட்டுக்கோ கோழிக்கோ போடுங்கள். களை நெல் வந்திருந்தால் எரித்துவிடுங்கள், எருக்குழிக்கு வேண்டாம், எருவோடு மறுபடி வயலுக்கு வந்துவிடும்.

வாசலில் ஒரு பெல்ட் மெஷின் நிற்கிறது. ஓனர் பெரிய மனதோடு சம்மதித்திருக்கிறார். ஸ்பானர் 13ஆம் நம்பர், 17ஆம் நம்பர் இரண்டும் கொண்டு வந்திருக்கிறோம், தார்ப்பாயும் விரித்தாகிவிட்டது. நேற்று வரை ஓடிய மெஷின், இன்னும் யாரும் திறக்கவில்லை. வாருங்கள், எலிவேட்டர் அடியிலிருந்து என்ன வருகிறது என்று தராசு வைத்து நிறுத்துப் பார்ப்போம். கேள்விகளை அங்கேயே கேளுங்கள். டிரைவர் தம்பிகள் முதலில்.